வருகைப் பதிவேடு

முன்னீர்பள்ளம் தாண்டி
சேரன்மாதேவி பஸ் அரை மனசாய் நிற்கும் இடத்தில்
எங்கள் பள்ளிக்கூடம்.
இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க
பிலிப்பைன்ஸிலிருந்து ஒருத்தி வந்தாள்.
மாரிவிக் என்று பெயர்.
முதல் வாரமே பிள்ளைகள் அவளை
மாரி மிஸ் ஆக்கிவிட்டார்கள்.
அன்றைக்கு மழையும் பெய்தது, சும்மா சொல்லவில்லை.

பேனரில் அவள் படம் வண்ணார்பேட்டை பாலம் வரைக்கும்.
பாஸ்போர்ட் மட்டும் தாளாளர் பீரோவில்,
அட்மிஷன் ஃபாரக் கட்டுக்கு அடியில்.
பத்திரத்துக்காம்.

குவார்ட்டர்ஸில் மாடி அவளுக்கு, கீழ்வீடு எனக்கு.
ஆபீஸ் கிளார்க். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை,
வாடகையும் இல்லை.
அது ஏன் இல்லை என்பது
நாற்பது பக்க நோட்டு ஒன்றை அவர் நீட்டியபோது தெரிந்தது.

"ஏம்மா வடிவு, அந்தப் பிள்ள எப்போ வருது, எப்போ போவுது,
யாரு வாரா, லைட்ட எப்போ அணைக்கு,
எல்லாத்தையும் எழுதிப் போடு.
இங்கிலீஷ்லயே எழுது, நாளைக்கு ஒரு கேஸு கீஸுன்னா ஆவும்.
நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி. பாத்துக்கிடணும்லா."

எழுதினேன்.
திங்கள்: ஒன்பது ஐம்பதுக்கு விளக்கு அணைந்தது.
செவ்வாய்: மொட்டைமாடிக் கொடியில் முழங்கால் உயரப் பாவாடை.
புதன்: பி.டி. மாஸ்டர் அருள்திரவியம்
கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு மேலே போனார்.
பதினோரு நிமிஷம்.
வியாழன்: வினிகர் ஊற்றி ஏதோ கறி. வாடை.
வெள்ளி: விடிகாலை நாலு மணிக்குச் சிரிப்புச் சத்தம்.

அந்தச் சிரிப்புக்கு எதிர்முனையில்
ஒரு பிள்ளையின் குரல் இருந்தது.
அங்கே பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம் போல.
விண்ணப்பத்தில் குழந்தைகள் இல்லை என்று போட்டிருந்தாள்;
ஃபைல் பண்ணினவள் நான்.
குரலை எழுதவில்லை.

பதினோரு நிமிஷத்துக்குச்
சம்பளத்தில் இரண்டாயிரம் போயிற்று.
'ஒழுங்கு' என்று தலைப்புப் போட்டு
டைப் அடித்ததும் நான்தான்.
அருள்திரவியத்துக்கு ஒன்றும் போகவில்லை.
அடுத்த சிலிண்டரை அவளும் நானுமாய்
படிப்படியாய் ஏற்றினோம்.
அதையும் எழுதினேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி கரண்ட் போய்
மெழுகுவர்த்தி கேட்டு இறங்கி வந்தாள்.
அடுக்களையில் தேடி எடுத்து வந்தால்
நோட்டு அவள் கையில்.
செல்போன் வெளிச்சத்தில், முதல் பக்கத்திலிருந்து,
ஒன்பதாங்கிளாஸ் கட்டுரை திருத்துகிற முகத்தோடு.
கத்துவாள் என்று நின்றேன்.
மெழுகுவர்த்தியையும் நோட்டையும் கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் என் வாசற்படியில் கிடந்தது.
உள்ளே முழுக்கச் சிவப்பு மை.
விசிட்டருக்கு ஒரு 'டி' போதுமாம்.
இறந்தகாலம் பாதி இடத்தில் தப்பு.
பதினோரு நிமிஷத்துக்குப் பக்கத்தில்:
வாஷர் தேய்ந்திருந்தது, உங்கள் வீட்டிலும் பார்த்துக்கொள்ளவும்.
வெள்ளிக்கிழமைக்கு எதிரே திருத்தம் இல்லை,
சின்னதாய் ஒரு டிக்.
மொத்தம் பத்துக்கு நாலு.
அடியில், பிள்ளைகளுக்கு எழுதுகிற மாதிரியே:
வந்து என்னைப் பார்.

பதினேழு படி.
சிலிண்டர் இல்லாமல் ஏறியது அன்றைக்குத்தான்.
அந்த வினிகர் கறி கோழியாம்.
புளிப்பு நம்ம புளிப்பு இல்லை,
ஆனால் சோற்றைக் கேட்கிறது.
சுவரில் முன்பல் விழுந்த ஒரு சின்னப்பிள்ளை.
பெயர் சொன்னாள். எங்கும் எழுத மாட்டேன்.

எட்டரைக்குப் போன்.
"வடிவு, மேல லைட்டு எரியுதாமே.
யாரும் வந்திருக்காவளா?"

எரியுதாமே.
எட்டிப் பார்த்தேன்.
கேட்டுக்கு வெளியே, புளியமரத்து இருட்டில்
வாட்ச்மேனின் பீடி நெருப்பு.
அவனிடமும் ஒரு நோட்டு இருக்கும்.
அதில் கீழ்வீட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும்.

"ஆமா சார். ஒரு ஆள் வந்திருக்கு."
அவர் மூச்சு மட்டும் கேட்டது.
கட் பண்ணினேன்.

அவள் பேனாவையே கேட்டு வாங்கி
இடதுகையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.
விசிட்டர், ஒரே ஒரு 'டி'.
பெயர்: செண்பகவடிவு.
திரும்பிப் போன நேரத்துக்கு ஒன்றும் போடவில்லை.
இரண்டாவது தடவை சோறு வாங்கியிருந்தேன்.